ஜின்செங்: வேரிலிருந்து தேநீர்ப் பக்கற் வரை

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் எம்மவர்களில் சீன, கொரியப் பல்பொருள் அங்காடிகளுக்குப் போகாதவர்கள் இன்று குறைவு. மீனும் கீரையும் வாங்கப் போகும் அந்தக் கடைகளில் ஜின்செங் பொருள்களுக்கென்றே ஒரு முழுத் தட்டு ஒதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காய்ந்த வேர், சீவிய துண்டு, தேநீர்ப் பக்கற், தேனில் ஊறிய வேர், மிட்டாய், சொக்கிளேற், சின்னப் போத்தலில் பானம், விரல் நீளப் பையில் கடுஞ்சாறு என்று அந்தத் தட்டு நிரம்பியிருக்கும். களைப்புப் போகும், ஞாபகசக்தி கூடும், சீனி வருத்தம் குறையும் என்று ஆளுக்காள் சொல்லக் கேட்டு, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கென்று வாங்கிக் கொடுப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள்.

இந்த வேர் எப்படி உணவுப் பொருளாகிறது, அதைத் தயாரிப்பவர்களுக்கு உள்ள சிக்கல்கள் என்ன, வாங்கும் நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இம்முறை ஆரோக்கியப் பகுதியில் பார்ப்போம். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜின்செங்கின் செயற்பொருள் போதிய அளவில் உள்ள உணவு என்றால், அது நாம் எடுக்கும் மருந்துகளோடு மோதக்கூடியது. செயற்பொருள் போதாத உணவு என்றால், அது விலை கூடிய இனிப்பு மட்டுமே. இரண்டில் எது எம் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வயதானவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

ஒரு பெயர், பல செடிகள்

ஜின்செங் என்ற பெயர் 'மனித வேர்' என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. நன்றாக முற்றிய வேர், கையும் காலும் விரித்த ஒரு சிறு மனித உருவம் போல இருப்பதால் அந்தப் பெயர். கொரியர்கள் இதை 'இன்சாம்' என்பார்கள். தாவரவியலில் இதன் பேரினப் பெயர் 'பனாக்ஸ்'. எல்லா நோய்க்கும் மருந்து என்ற கருத்துள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பெயரிலேயே இவ்வளவு பெரிய வாக்குறுதி இருப்பதால்தான் நாம் சற்றுக் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

உணவுச் சந்தையில் முக்கியமானவை இரண்டு இனங்கள். ஒன்று கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் விளையும் ஆசிய ஜின்செங். அதன் தாவரப் பெயர் பனாக்ஸ் ஜின்செங். மற்றது கனடாவிலும் அமெரிக்காவிலும் விளையும் வட அமெரிக்க ஜின்செங். அது பனாக்ஸ் குயின்குஃபோலியஸ். எம் பாட்டிமார் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்ததுபோலச் சீன வைத்தியமும் இவற்றைப் பிரிக்கிறது. ஆசிய வேர் சூடு, அமெரிக்க வேர் குளிர்ச்சி என்பது அவர்கள் கணக்கு. இரண்டின் வேதிப் பொருள்களிலும் வித்தியாசம் உண்டு. ஆசிய வேரில் உள்ள 'ஆர்எஃப்' என்ற சேர்மம் அமெரிக்க வேரில் இல்லை. ஆய்வுகூடத்தில் இனத்தைப் பிரித்தறிய இது ஒரு அடையாளம்.

இவை தவிர 'சைபீரிய ஜின்செங்', 'இந்திய ஜின்செங்' என்ற பெயர்களும் புழக்கத்தில் உள்ளன. சைபீரிய ஜின்செங் என்பது எலூதெரோகொக்கஸ் என்ற வேறொரு செடி. பனாக்ஸ் இனம் அல்லாத எதையும் ஜின்செங் என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2002ல் சட்டம் கொண்டுவந்தது. இந்திய ஜின்செங் என்று சொல்லப்படுவது எமக்குத் தெரியாததல்ல. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் பாவிக்கும் அமுக்கிராக் கிழங்குதான் அது. அதற்கும் ஜின்செங்கிற்கும் குடும்ப உறவு கிடையாது. இரண்டின் குணமும் வேறு, எச்சரிக்கையும் வேறு. அமுக்கிராவை டென்மார்க் 2023ல் தடைசெய்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எமது மாகாணத்தின் பயிர்

ஜின்செங் எங்கோ தூர கிழக்கில் மட்டும் விளைவது என்று நினைக்க வேண்டாம். மொன்றியலுக்கு அருகே காட்டில் வளர்ந்த அமெரிக்க ஜின்செங்கை ஜோசப் பிரான்சுவா லஃபித்தோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1716ல் மோஹாக் பூர்வகுடி மக்களின் உதவியோடு இனங்கண்டார். சீனாவில் இருந்த இன்னொரு பாதிரியார் ஜின்செங்கைப் பற்றி எழுதிய விபரத்தைப் படித்துவிட்டுத்தான் அவர் தேடத் தொடங்கினார். அதன்பின் இங்கிருந்து சீனாவுக்கு ஏற்றுமதி சூடுபிடித்தது. 1750களின் தொடக்கத்தில் விலை ஏறியபோது, பருவம் பாராமல் கிண்டிய வேரை அவசர அவசரமாக அடுப்பில் உலர்த்தி அனுப்பினார்கள். சீன வணிகர்கள் அந்தச் சரக்கை ஏற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்த வணிகம் படுத்துவிட்டது. தரம் போனால் நம்பிக்கை போகும் என்பதை இந்தப் பயிர் அன்றே காட்டிவிட்டது.

இன்று வட அமெரிக்க ஜின்செங் அதிகமாக விளையும் இடங்களில் முதன்மையானது எமது ஒன்ராறியோ மாகாணம்தான். ரொறன்ரோவுக்குத் தென்மேற்கே, ஈரி ஏரியின் கரையோரம் உள்ள நோர்ஃபோக் பகுதியில் கறுப்பு நிழல்வலைப் பந்தல்கள் வயல் வயலாக நீண்டு கிடக்கும். சிம்கோ, வோட்டர்ஃபோர்ட் பக்கம் காரில் போனவர்கள் அது என்ன என்று கேட்டிருப்பீர்கள். அது முன்பு புகையிலை விளைந்த மணற்பாங்கான பூமி. புகைத்தல் குறைந்து புகையிலைக்குக் கிராக்கி குறைந்ததும் பல விவசாயிகள் ஜின்செங்கிற்கு மாறினார்கள். புகையிலை உலர்த்திய சூளைகளே வேரை உலர்த்தவும் உதவின. அமெரிக்காவில் இதே பயிருக்குப் பெயர் பெற்றது விஸ்கொன்சின் மாநிலத்தின் மரதன் கவுண்டி.

இது பொறுமையுள்ளவனின் பயிர். விதை முளைக்கவே சுமார் 18 மாதங்கள் பதப்பட வேண்டும். அதன்பின் இங்கே 3 முதல் 5 ஆண்டுகள், கொரியாவில் 4 முதல் 6 ஆண்டுகள் நிலத்தில் இருந்த பிறகே வேரை எடுப்பார்கள். காட்டு மர நிழலில் வளர்ந்த செடி என்பதால் வெயிலை மறைத்துப் பந்தல் போட வேண்டும். நிழலும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சண நோய் வரும். அதற்கு மருந்தடிக்க வேண்டும். ஒருமுறை ஜின்செங் எடுத்த நிலத்தில் மறுமுறை போட்டால் வேர் அழுகிவிடுகிறது. ஆகவே விவசாயி ஒவ்வொரு முறையும் புது நிலம் தேட வேண்டும். ஜின்செங்கின் விலைக்கு இதுவே காரணம். விலை மலிவாக ஒரு ஜின்செங் உணவு கிடைத்தால், அதில் ஜின்செங் எவ்வளவு என்று கேட்பதற்கும் இதுவே காரணம்.

வெள்ளையும் சிவப்பும்

கடையில் 'வெள்ளை ஜின்செங்', 'சிவப்பு ஜின்செங்' என்று இரண்டு பார்க்கலாம். இவை வேறு வேறு செடிகள் அல்ல. பச்சை வேரைக் கழுவி, தோல் சீவி அப்படியே காயவைத்தால் வெள்ளை. தோலோடு பல மணி நேரம் ஆவியில் அவித்துக் காயவைத்தால் சிவப்பு. எம் ஊரில் நெல்லை அவித்துக் காயவைத்துப் புழுங்கலரிசி ஆக்குவது போன்ற வேலைதான். அவிக்கும்போது வேரில் உள்ள மாச்சத்து இளகுகிறது, நிறம் செம்பழுப்பாகிறது, நீண்ட காலம் பழுதாகாமல் இருக்கிறது. அதோடு வேதிமாற்றமும் நடக்கிறது.

ஜின்செங்கின் செயற்பொருள்கள் என்று கருதப்படுபவை 'ஜின்செனோசைடு' என்ற தொகுதி. இவை சப்போனின் வகையைச் சேர்ந்தவை. ஆர்பி1, ஆர்ஜி1 என்பவை அவற்றுள் முக்கியமானவை. அவிக்கும்போது சில வகைகள் குறைந்து, பச்சை வேரில் அரிதாக உள்ள ஆர்ஜி3 போன்றவை உருவாகின்றன. ஆகவே சிவப்பும் வெள்ளையும் ஒரே அளவில் ஒரே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. தென்கொரியாவில் சிவப்பு ஜின்செங் தயாரிப்பு 1996 வரை அரசின் ஏகபோகமாக இருந்தது. அது நீங்கிய பிறகே பல நிறுவனங்கள் போட்டி போட்டுப் புதுப் புது வடிவங்களைக் கொண்டுவந்தன.

உணவாக்குவதில் உள்ள சிக்கல்கள்

கொரியர்களுக்கு ஜின்செங் உணவு புதிதல்ல. ஒரு சிறு கோழியின் வயிற்றில் பசையரிசி, உள்ளி, இலந்தை வகைப் பழம், ஒரு ஜின்செங் வேர் ஆகியவற்றை வைத்து அவிக்கும் 'சம்கியேதாங்' என்ற சூப்பைக் கோடையின் மிகக் கடும் வெப்ப நாட்களில் குடிப்பது அவர்கள் வழக்கம். ஜின்செங் வணிகத்துக்குப் பேர்போன குங்சான் நகரில் பச்சை வேரை மாவில் தோய்த்துப் பொரித்தும் விற்பார்கள். அந்தப் பகுதியின் ஜின்செங் வேளாண்மையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2018ல் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது. ஆனால் சமையலறையில் ஒரு முழு வேரைப் போடுவது வேறு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பக்கற்றுகளில் ஒரே அளவாகச் சேர்ப்பது வேறு.

முதல் சிக்கல் சுவை. ஜின்செனோசைடு கசக்கும். பாவற்காய் தின்று பழகிய எமக்கு அது பெரிதல்ல. ஆனால் கசப்பான பிஸ்கட்டை யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள். ஆகவே தயாரிப்பாளர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, ஜின்செங்கைக் குறைக்கிறார். அல்லது தேன், சீனி, குளுக்கோஸ், பழச்சாறு சேர்த்துக் கசப்பை மறைக்கிறார். ஆரோக்கியத்துக்காக வாங்கும் பொருளில் ஆரோக்கியத்துக்கு ஒவ்வாதது புகுந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, வேருக்கு வேர் வித்தியாசம். வயது, மண், உலர்த்திய விதம் ஆகியவற்றால் ஜின்செனோசைடு அளவு மாறும். ஒரே வேரிலும் தடித்த நடுப்பகுதியை விட மெல்லிய பக்க வேர்களில் அது செறிவாக இருக்கும். ஆகவே வேரின் கிராம் கணக்கை மட்டும் எழுதினால் போதாது. நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுகூடத்தில் அளந்து, சாற்றைக் கூட்டிக் குறைத்துக் குறித்த அளவுக்குக் கொண்டுவருவார். பூச்சிமருந்து எச்சமும் பார உலோகமும் உள்ளனவா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு.

மூன்றாவது, சூடும் புளிப்பும். பாண், பிஸ்கட் சுடும் வெப்பத்திலும் புளிப்பான பழச்சாற்றிலும் சில ஜின்செனோசைடுகள் வேறு வகைகளாக மாறிவிடும். மாவில் சேர்த்த அளவும், சுட்டு எடுத்துப் பல மாதம் கடைத் தட்டில் இருந்த பிறகு உள்ள அளவும் ஒன்றாக இருக்காது. ஆகவே விற்பனைக் காலம் முடியும்வரை என்ன மிஞ்சுகிறது என்று பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, உடலில் சேருவது. ஜின்செனோசைடு அப்படியே இருந்தால் குடல் அதை மிகக் குறைவாகவே உறிஞ்சும். குடலில் வாழும் பக்டீரியாக்கள் அதை உடைத்துச் சிறிதாக்கிய பிறகே பெரும்பகுதி குருதியில் சேர்கிறது. அந்தப் பக்டீரியாக்கள் ஆளுக்காள் வேறுபடும். இதனால்தான் ஒருவருக்குப் பலன் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. இதற்குத் தீர்வாகத் தோசை மாவைப் புளிக்கவைப்பதுபோல ஜின்செங் சாற்றையும் நுண்ணுயிர்கள் கொண்டு முன்கூட்டியே நொதிக்க வைக்கிறார்கள். 'நொதித்த சிவப்பு ஜின்செங்' என்று எழுதியிருப்பதன் அர்த்தம் அதுதான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

எம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பதால் முதலில் அதைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் பேராசிரியர் விளாடிமிர் வுக்சான் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீரிழிவு உள்ள 9 பேருக்கும் இல்லாத 10 பேருக்கும் 3 கிராம் அமெரிக்க ஜின்செங் கொடுத்து, குளுக்கோஸ் குடிக்க வைத்து அளந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களிடம் சீனி ஏற்றம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நீரிழிவு இல்லாதவர்களிடமோ 40 நிமிடம் முன்னதாக வேரை எடுத்தபோது மட்டும் குறைந்தது.

இத்தோடு நிறுத்திவிட்டால் அது விளம்பரமாகிவிடும். அதே குழுவினர் 2003ல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். இம்முறையும் அமெரிக்க ஜின்செங்தான், ஆனால் வேறு தொகுதி. அந்தத் தொகுதியில் ஜின்செனோசைடு குறைவாக இருந்தது. குருதிச் சீனியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஒரே பெயர், ஒரே இனம், ஒரே ஆய்வாளர்கள்; சரக்கு மாறியதும் பலன் போய்விட்டது. ஆய்வுகூடத்திலேயே இப்படி என்றால், கடைத் தட்டில் உள்ள மிட்டாயைப் பற்றி யார் உறுதி சொல்ல முடியும்?

களைப்புக்கு வருவோம். புற்றுநோயாளிகளுக்கு வரும் களைப்புக் குறித்து அமெரிக்காவின் மாயோ கிளினிக் தலைமையில் 364 பேரிடம் நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. விஸ்கொன்சின் ஜின்செங் தூள் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் கொடுத்தார்கள். 4 வாரத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. 8 வாரத்தில் களைப்புக் குறைந்தது தெரிந்தது. தடிமன் பற்றிய ஓர் ஆய்வு 2005ல் கனடிய மருத்துவ சங்க இதழில் வந்தது. அமெரிக்க ஜின்செங் சாற்றைக் குளிசையாக 4 மாதம் எடுத்தவர்களில் இரண்டு முறைக்கு மேல் அல்லது இரண்டு முறை தடிமன் பிடித்தவர்கள் சுமார் 10 சதவீதம். எடுக்காதவர்களில் சுமார் 23 சதவீதம்.

இவற்றில் கவனிக்க வேண்டியது, அளந்த அளவு, தெரிந்த இனம், வாரக் கணக்கில் தொடர்ந்த பாவனை என்ற மூன்றும்தான். கிழமைக்கு ஒரு ஜின்செங் பிஸ்கட் தின்பதற்கு இந்த ஆய்வுகளைச் சாட்சியாகக் காட்ட முடியாது. அதேபோல 'எனர்ஜி' பானங்களின் தகரத்தில் ஜின்செங் என்று எழுதியிருந்தாலும், குடித்தவுடன் கிடைக்கும் உற்சாகம் பெரும்பாலும் கஃபீனும் சீனியும் தருவதே. கனடாவில் இத்தகைய ஒரு தகரத்தில் 180 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். ஜின்செங் நல்லதுதானே என்று பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

வேலை செய்யும் பொருள் என்றால் அதற்கு மறுபக்கமும் உண்டு. குருதி உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' எடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். 2004ல் சிக்காகோ ஆய்வாளர்கள் 20 ஆரோக்கியமான தொண்டர்களிடம் செய்த ஆய்வில், அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைத்தது தெரியவந்தது. இருதய வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்புச் சீரில்லாதவர்கள் பலர் இந்தக் குளிசையை நம்பித்தான் இருக்கிறார்கள். அதன் வேலை குறைந்தால் குருதிக்கட்டி ஏற்பட்டுப் பக்கவாதம் வரலாம். அன்பாகக் கொடுத்த தேநீர் அப்படி ஒரு விளைவைத் தரக்கூடாது.

நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்களுக்கு, ஜின்செங்கும் சேர்ந்து சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும். வியர்த்து, நடுங்கி, தலைசுற்றினால் களைப்பு என்று நினைத்து இன்னும் ஜின்செங் கொடுத்துவிடக் கூடாது. உடனே குருதிச் சீனியை அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜின்செங் குடிக்கிறேன் என்று வைத்தியர் தந்த குளிசையை நிறுத்துவது.

கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். எலிக் கருக்களில் ஆர்பி1 பாதிப்பை ஏற்படுத்தியது ஆய்வுகூடத்தில் காணப்பட்டுள்ளது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஜின்செங் மருந்துப் பொருள்களை ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைப்பதில்லை. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, எடுத்து வந்ததைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நித்திரைக் குறைவு, தலையிடி, வயிற்றுக் குழப்பம் ஆகியவை சாதாரணமாகச் சிலருக்கு வரும். பின்னேரத்துக்குப் பிறகு குடிக்காமல் இருப்பது நித்திரைக்கு நல்லது.

பக்கற்றில் பார்க்க வேண்டியவை

1. எந்த இனம்? ஆசிய ஜின்செங்கா, அமெரிக்க ஜின்செங்கா என்று தெளிவாக இருக்க வேண்டும். ஜின்செங் பொருள்களுக்கு உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2015ல் வகுத்த தரமும் இனத்தின் பெயரைக் குறிப்பிடச் சொல்கிறது. வெறுமனே 'ஜின்செங் சுவை' என்று எழுதியிருந்தால் அது சுவை மட்டுமே.

2. சேர்மானப் பட்டியலில் முதலில் எது? அதிகம் உள்ளதே முதலில் வரும். பல உடனடித் தேநீர்த் தூள்களில் முதலில் வருவது குளுக்கோஸ் அல்லது சீனி. 3 கிராம் பக்கற்றில் ஜின்செங் சாறு 10 சதவீதம் என்று போட்டிருந்தால் சாறு 0.3 கிராம், மீதி 2.7 கிராமும் வேறு பொருள். நாளுக்கு மூன்று கோப்பை குடிக்கும் நீரிழிவுக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

3. ஜின்செனோசைடு எத்தனை மில்லிகிராம்? தென்கொரியாவின் ஆரோக்கிய உணவுச் சட்டம் 2004ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நோய் எதிர்ப்புக்கும் களைப்புக்கும் பலன் என்று சொல்ல, ஒரு நாளைய அளவில் குறித்த ஜின்செனோசைடுகள் சேர்ந்து 3 முதல் 80 மில்லிகிராம் இருக்க வேண்டும். 'ஆறு வருட வேர்' என்று பெரிய எழுத்தில் போட்டு, இந்த எண்ணைப் போடாமல் விட்ட பொருளை விட, எண் போட்ட பொருள் நம்பத்தக்கது.

4. எட்டு இலக்க என்.பி.என். எண் உண்டா? குளிசை, சாறு போன்ற இயற்கை ஆரோக்கியப் பொருள்களுக்கு 2004 முதல் கனடாவில் இந்த எண் தேவை. ஹெல்த் கனடா பரிசீலித்து அனுமதித்ததற்கு அது அடையாளம். தேநீர், மிட்டாய், பிஸ்கட் என்று உணவாக விற்பவற்றில் இந்த எண் இருக்காது. ஆகவே அவை நோயைக் குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. எந்த நாட்டு வேர், எங்கே பொதி செய்தது, காலாவதித் திகதி எது? கொரியப் படம் போட்ட பக்கற் எல்லாம் கொரிய வேர் அல்ல.

வீட்டில் பாவிக்க விரும்பினால்

மருந்து எதுவும் எடுக்காத, உடல்நலமுள்ள பெரியவர்கள் அளவோடு பாவிப்பதில் பெரிய தடையில்லை. அப்படிப் பாவிப்பதென்றால் இனிப்புச் சேர்ந்த தூளை விட நேரே வேரை வாங்குவது நல்லது. என்ன போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம் என்று எமக்கே தெரியும். மெல்லியதாகச் சீவிய இரண்டு மூன்று துண்டை இரண்டு கோப்பைத் தண்ணீரில் சிறு நெருப்பில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஒரு துண்டு இஞ்சி சேர்த்தால் கசப்பு அடங்கும். சீனி வேண்டாம். கோழி சூப் வைக்கும்போது உள்ளி, மிளகு, ஒரு சிறு வேர் போட்டு அவித்தால் எம் வாய்க்கும் ஏற்றதாக இருக்கும். உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மாதக் கணக்கில் குடிக்காமல் இடைவெளி விடுவதும் நன்று.

மருந்து எடுப்பவர்களோ முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்க வேண்டும். சந்திப்புக் கிடைக்கத் தாமதமானால் மருந்துக் கடையில் உள்ள மருந்தாளரிடம் கேளுங்கள். அதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். பக்கற்றையும் குளிசைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் விளக்கம் கேட்கத் தயங்கும் பெற்றோருடன் பிள்ளைகள் ஒருவர் கூடப் போனால் நல்லது. "அது சாப்பாடுதானே, மருந்தில்லையே" என்று சொல்லி வைத்தியரிடம் மறைக்கும் பழக்கம் எம்மவரிடையே இருக்கிறது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ள பொருள் இது என்பதால்தான் சொல்ல வேண்டும்.

ஜின்செங்கைக் குறைசொல்வது எமது நோக்கமல்ல. கொரிய, சீன மக்கள் தலைமுறை தலைமுறையாக மதித்து வந்த வேர் அது. எமது மாகாணத்து விவசாயிகளின் வியர்வையும் அதில் இருக்கிறது. ஆனால் நடைப்பயிற்சியும், அளவான சோறும், வேளைக்கு மருந்தும் செய்யும் வேலையை ஒரு தேநீர்ப் பக்கற் செய்துவிடாது. அடுத்தமுறை அம்மா அப்பாவுக்கென்று அந்தத் தட்டில் கைவைக்கும்போது பக்கற்றைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.